சங்கு ஊதாத நாட்கள்

எங்கள் வீட்டுச் சுவரில் கடிகாரம் ஒன்று இருந்தது. அதை யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. முதலியார்பேட்டையில் வளர்ந்தவர்களுக்கு மில் சங்கு போதும். காலைச் சங்குக்குள் அப்பாவின் தூக்குவாளியில் சோறு அடைத்திருக்க வேண்டும். மாலைச் சங்கு ஊதினால் கொஞ்ச நேரத்தில் அவருடைய சைக்கிள் மணி தெருமுனையில் கேட்கும். அப்பா ரோடியர் மில்லில் ஃபிட்டர். பெயர்ப் பலகையில் ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் என்று இருக்கும், பிற்பாடு ஏ.எஃப்.டி. என்று சுருங்கியது. ஊர் வாயில் அது கடைசி வரை ரோடியர் மில்தான்.

1898-இல் தொடங்கிய அந்த மில் 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு முறைப்படி மூடப்பட்டது. தறிகள் அதற்குப் பல வருடம் முன்பே நின்றுவிட்டன. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலுக்குப் பிறகு மில் எழுந்திருக்கவே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். ஆனாலும் காகிதத்தில் உயிர் இருந்தது. கொரோனா ஊரடங்கின் நடுவில், வழியனுப்ப நாலு பேர் கூடவும் வழியில்லாத ஒரு வியாழக்கிழமை, அந்த உயிரும் போனது.

அன்று இரவு ஒன்பதரை மணிக்கு, மில்லிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில், எங்கள் வீட்டு மாடி அறையில் நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இடுப்பில் லுங்கி, மேலே இஸ்திரி போட்ட சட்டை. 42 பேர் கொண்ட என் குழுவோடு தினசரி இரவுக் 'கால்'. மில் மூடிய செய்தியை மறுநாள் பேப்பரில் பார்த்து, அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு அடுத்த கால் வந்துவிட்டது.

இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்குப் புரிய இன்னும் ஒரு வருடம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய சரித்திரம்.

1930-களில் புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன. சவானா, ரோடியர், கெப்ளே. இவைதான் பிற்காலத்தில் சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி என்று பெயர் மாறின. என் தாத்தா சவானா மில்லில் வேலை பார்த்தவர். பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று வேலை. சங்கம் வைக்கச் சட்டத்தில் இடமில்லை. விடிவதற்கு முன்னால் போய், இருட்டிய பிறகு வருவாராம். "உங்க தாத்தா மொகத்த வெளிச்சத்துல பாக்கணும்னா ஞாயித்துக்கிழம வரணும்" என்று ஆயா சொல்லும். ஞாயிற்றுக்கிழமையும் மனிதர் பாதி நாள் தூங்கிவிடுவார் என்று கூடவே ஒரு குறையும் இருக்கும்.

1936-இல் பிரான்சில் லெயோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு வந்தது. ஜூன் மாதமே வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை என்று அங்கே சட்டங்கள் போட்டார்கள். அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த புதுச்சேரி மில்லுக்கு அந்தச் சட்டங்கள் கப்பலேறி வரவில்லை. ஜூலையில் மூன்று மில் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ. சுப்பையா முன்னின்ற இயக்கம் அது. ஜூலை 30-ஆம் தேதி சவானா மில்லில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 தொழிலாளர்கள் செத்தார்கள்.

சுப்பையா பாரிஸ் வரை போய் அங்கிருந்த அரசிடம் தொழிலாளர் தரப்பை எடுத்துச் சொன்னார். 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி ஒரு அரசாணை பிறந்தது. பிரெஞ்சிந்தியத் தொழிலாளிக்குச் சங்க உரிமையும், எட்டு மணி நேர வேலைநாளுக்கு வழியும் அதில்தான் கிடைத்தன. அப்போது முத்தியால்பேட்டையைத் தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியா. அங்கே 1934-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி வருடம் முழுக்க ஓடும் ஆலைகளில் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். வாரம் 48 மணி என்பது அங்கே 1946-இல்தான் வந்தது. ஆசியாவிலேயே எட்டு மணி நேரத்தை முதலில் வாங்கிய ஊர் இது என்று இங்கே மேடைகளில் பேசுவார்கள். அந்தப் போட்டிக்குள் நான் போகவில்லை. பக்கத்து ஊரை விடச் சுமார் பத்து வருடம் முன்னால் வாங்கினோம், பன்னிரண்டு உயிரைக் கொடுத்து வாங்கினோம் என்பது மட்டும் உறுதி.

துப்பாக்கிச் சூடு நடந்த அன்று தாத்தா மில்லில் இருந்தார். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஆனால் அதன் பலன் அப்பாவிடம் ஒரு பழக்கமாக இறங்கியிருந்தது. சங்கு ஊதினால் பஞ்சுக் கழிவில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாராம். மேஸ்திரி பின்னாலிருந்து கூப்பிட்டாலும் ஒரே பதில்தான். "சங்கு ஊதிடுச்சுங்க." வீட்டுக்கு வந்துவிட்டால் மில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். மாலையில் எங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார், கொய்யா மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஃபிட்டர் வேலை பார்த்த ஒருவரின் மகன் என்ஜினீயரிங் படித்ததற்கு அந்த மாலை நேரங்கள்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் தொழிலுக்குப் போனேன். சென்னையில் முப்பது வருடத்துக்கு மேல். கடைசி பன்னிரண்டு வருடம் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் மேனேஜர். எங்கள் தொழிலில் சங்கு கிடையாது. சங்கம் கூடாது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த தொழில். 2016-இல்தான் தமிழக அரசு, ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் எங்களுக்கும் ஒரு சங்கு இருந்தது. கம்பெனி பஸ். ஆறரை மணி பஸ்ஸை விட்டால் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் போகிறவர்கள் திண்டாட வேண்டும். அதனால் ஆறு இருபதுக்கு ஃப்ளோரில் ஒரு சலசலப்பு கிளம்பும். பையைத் தூக்கும் சத்தம், லாக்கர் திறக்கும் சத்தம். "சார், பஸ்ஸு" என்று ஒரு பெண் சொன்னால் எந்த மேனேஜரும் மறுபேச்சு பேச முடியாது. அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இனி 2020 மார்ச்.

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது மார்ச் 11. எங்கள் தொழிலுக்கு அதற்கு அடுத்த முக்கியமான தேதி மார்ச் 13. அதை வெளியில் பலருக்கும் தெரியாது. தொலைத்தொடர்புத் துறையின் பழைய விதிகளின்படி, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சேவை செய்யும் கால் சென்டர் மாதிரியான நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய வைப்பது லேசான காரியமில்லை. ஒரு கோடி ரூபாய் வைப்புத் தொகை கட்ட வேண்டும், இணைப்புக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. மார்ச் 13 அன்று அந்த நிபந்தனைகளை ஏப்ரல் 30 வரை தளர்த்தினார்கள். பிறகு ஜூலை 31, டிசம்பர் 31 என்று நீட்டித்து, நவம்பர் 5-ஆம் தேதி விதிகளையே புதிதாக எழுதிவிட்டார்கள். வீட்டிலிருந்து வேலை என்ற சங்கதி இந்தியாவில் தற்காலிக ஏற்பாடாக வாசலில் வந்து நின்று, எட்டு மாதத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது இப்படித்தான்.

அரசு தளர்த்தினால் போதுமா? கிளையன்ட் தளர்த்த வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் ஒரு வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி. அவர்களுடைய வேலை நடக்கும் அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, பேனா பேப்பர் கூடாது. அப்படிப்பட்ட வேலையை ஒண்டிக்குடித்தன வீட்டின் நடு ஹாலில் செய்ய அனுமதி கேட்டு மெயில் அனுப்பினோம். முதலில் மறுத்தார்கள். அவர்கள் ஊரிலும் ஆஸ்பத்திரிகள் நிரம்பத் தொடங்கியதும் ஒரே இரவில் சம்மதித்தார்கள்.

மார்ச் 20 வெள்ளிக்கிழமை. பாதிப் பேரிடம்தான் லேப்டாப். மற்றவர்களுக்கு மேசைக் கம்ப்யூட்டரையே கழற்றி, மானிட்டரைப் போர்வையில் சுற்றி, டெம்போ வைத்து அனுப்பினோம். வி.பி.என். இணைப்பு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்காது. காலையில் யார், மதியம் யார் என்று ரேஷன் கடை வரிசை மாதிரி பட்டியல் போட்டேன். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கம் இருந்த ஐந்து பேருக்கான லேப்டாப்களை என் காரிலேயே ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஞாயிறு மக்கள் ஊரடங்கு. செவ்வாய் இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு.

புதுச்சேரியின் எல்லையை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். இது ஒரே துண்டு நிலமில்லை. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பங்கு போட்டுக்கொண்ட கணக்கில், நடுநடுவே தமிழ்நாடு புகுந்து புகுந்து வரும். ஒரு தெருவின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். சாதாரண நாளில் பெட்ரோல் விலையிலும் மது விலையிலும் மட்டும் தெரியும் அந்தக் கோடு, 2020 மார்ச் கடைசியில் தடுப்புக்கட்டையாக எழுந்து நின்றது. என் குழுவில் ஒரு பெண்ணுக்குக் கோட்டக்குப்பத்தில் வீடு. அது தமிழ்நாடு. கம்பெனிக் கடிதத்தைக் காட்டிக்காட்டி ஸ்கூட்டரில் முத்தியால்பேட்டை முனை வரை போனேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவரும் அவர் மாமனாரும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். லேப்டாப் பையைத் தடுப்பின் மேல் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் வந்தேன். மாமனார் வந்து எடுத்துக்கொண்டார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சிரித்தார். "என்ன சார், பாட்டில் கைமாறுற எடத்துல கம்ப்யூட்டர் கைமாறுது?"

அடுத்த பத்து நாளில் 42 பேரும் இணைந்துவிட்டார்கள். ஒருவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில். அங்கேதான் சிக்னல். ஒருவர் வீட்டில் ஒரே அறை, புடவையைத் திரையாகக் கட்டி அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் குடும்பம். பின்னணியில் குக்கர் விசில், குழந்தை அழுகை, காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி. ஏப்ரல் மாதம் எங்கள் வேலையில் ஒரு கெடு கூடத் தவறவில்லை. கிளையன்ட் நன்றி சொல்லி மெயில் போட்டார். நாடு முழுக்க இதே கதைதான். சுமார் நாலரை லட்சம் பேரை வைத்திருந்த டி.சி.எஸ்., 2025-க்குள் தங்கள் ஊழியரில் ஒரு நேரத்தில் 25 சதவீதம் பேர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020 ஏப்ரலிலேயே அறிவித்தது. நான் பெருமையில் மிதந்தேன். பொய் சொல்லக்கூடாது, அந்தப் பெருமை இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

அந்த இரவு ஒன்பதரை மணிக் காலை ஆரம்பித்தவன் நான்தான். முதல் வாரம் எல்லாருக்கும் பயம். தனியாக மேன்ஷனில் மாட்டிக்கொண்ட பையன்கள் இருந்தார்கள். "எல்லாரும் சாப்டீங்களா, யாருக்காவது காய்ச்சல் இருக்கா" என்று கேட்கத்தான் ஆரம்பித்தேன். பத்து நிமிடம். இரண்டாவது வாரம், கூடியிருக்கிறோமே என்று நிலுவையில் இருந்த வேலைகளைப் பற்றிக் கேட்டேன். மே மாதம் கிளையன்ட் தரப்பிலிருந்து ஒருவர் சேர்ந்துகொண்டார், அவருக்கு அது வசதியான நேரம். ஜூனில் யார் என்ன முடித்தார்கள் என்று எக்செல் தாள் வந்தது. சாப்டீங்களா என்ற கேள்வி எந்த மாதம் காணாமல் போனது என்று எனக்கு நினைவில்லை.

காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து இரவு பத்தரைக்கு முடியும் நாள் எங்களுக்குச் சாதாரணமாகிவிட்டது. பஸ்ஸில் போக வர ஆன இரண்டு மூன்று மணி நேரம் மிச்சம் என்று முதலில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அந்த மிச்சத்தை வீடு எடுத்துக்கொள்ளவில்லை, வேலை எடுத்துக்கொண்டது. இது எங்கள் கதை மட்டுமில்லை. வட அமெரிக்கா, ஐரோப்பா, மத்தியக் கிழக்கில் 16 பெருநகரங்களில் 31 லட்சம் பேரின் மெயில், மீட்டிங் கணக்கை ஹார்வர்ட், நியூயார்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020-லேயே எடுத்துப் பார்த்தார்கள். ஊரடங்கின்போது சராசரி வேலைநாள் 48.5 நிமிடம் நீண்டிருந்தது. மீட்டிங்குகளின் எண்ணிக்கை 12.9 சதவீதம் கூடியிருந்தது.

அதே 2020 கோடையில் இன்னொன்றும் நடந்தது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் உள்ளிட்ட பல மாநிலங்கள் ஆலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம் என்று ஆணை பிறப்பித்தன. பெருந்தொற்றுதான் காரணம் என்றார்கள். உத்தரப் பிரதேசம் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனதும் தன் ஆணையைத் திரும்பப் பெற்றது. குஜராத் ஆணையை அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இந்தச் செய்திகளை நான் மாடியில் உட்கார்ந்து படித்து, இது என்ன அநியாயம் என்று என் மனைவியிடம் சத்தம் போட்டேன். "நீங்க மட்டும் உங்க பசங்கள எத்தனை மணிக்கு விடுறீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் கீழே போய்விட்டாள். எங்கள் தொழிலில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு எந்த அரசும் ஆணை போட வேண்டியிருக்கவில்லை. நான் ஒரு காலண்டர் அழைப்பு அனுப்பினேன், அவ்வளவுதான்.

2021 ஏப்ரல் 6 அன்று புதுச்சேரியில் சட்டமன்றத் தேர்தல். 1937 அரசாணைக்குச் சரியாக 84 வருடம். அது அன்று என் நினைவுக்கு வரவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வந்து லாகின் செய்தேன். தேர்தல் முடிந்த கையோடு இரண்டாவது அலை. மே 7-ஆம் தேதி முதல்வராகப் பதவியேற்ற ரங்கசாமிக்கு மே 9-ஆம் தேதி கொரோனா என்று செய்தி வந்தது. முதல்வருக்கே இப்படி என்றால் மற்றவர்கள் நிலை? ஆக்சிஜன் படுக்கை எங்கே காலி என்று கேட்கும் வாட்ஸ்அப் செய்திகள் விடிய விடிய வந்தன. என் குழுவில் ஒரு கட்டத்தில் 11 பேர் படுத்துவிட்டார்கள். மீதிப் பேர் அவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

மே மாதம் மூன்றாவது வாரம். இரவுக் கால். வில்லியனூர் பக்கத்துத் தம்பி ஒருவர், இருபத்தாறு வயது, தன் வேலையின் நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். எதை முடித்தார், எது பாக்கி, எல்லாம் தெளிவாக. பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் விடாமல் கேட்டது. கிளையன்ட் தரப்பில் இருந்தவர், கொஞ்சம் மியூட் செய்ய முடியுமா என்றார். நான், "தம்பி, எங்க இருக்க?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரி வாசல்ல சார். அப்பா உள்ள இருக்காரு. ஆக்சிஜன் வெச்சிருக்காங்க."

"என்னைக்கிலேர்ந்து?"

"முந்தாநாள்லேர்ந்து சார்."

முந்தாநாள் இரவும் அவர் காலில் இருந்தார். நேற்றும் இருந்தார். அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டேதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரில் மூடிக் கிடந்த கடையின் படியில் உட்கார்ந்து, செல்போன் ஹாட்ஸ்பாட்டில், மடியில் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்திருக்கிறார். அன்றே லீவு கொடுத்தேன். நாலாவது நாள் அவருடைய அப்பா போய்விட்டார். கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குப் போகக் கூட இரண்டு பேருக்கு மேல் விடவில்லை என்று பிறகு சொன்னார்.

பதினாறாம் நாள் முடிந்து அவர் வேலைக்கு வந்தபோது தனியாக அழைத்துப் பேசினேன். "ஏம்ப்பா, முதல் நாளே லீவு கேட்டிருக்கக் கூடாதா? நான் இல்லைன்னு சொல்லியிருப்பேனா?"

"இல்ல சார், நீங்க குடுத்திருப்பீங்க. வீட்லேர்ந்துதான வேலை, இதுக்கு எதுக்கு லீவுன்னு தோணுச்சு."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. பதினான்கு மாதத்தில் நான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்த பாடத்தை அப்படியே ஒப்பித்தார். வேலைக்கு வாசல் இருந்தபோது அதைத் தாண்டி வெளியே வருவதற்கு லீவு என்று பெயர் இருந்தது. வாசலே இல்லாத இடத்தில் எதிலிருந்து எதற்கு வெளியே வருவது? அன்றுதான் அப்பாவின் சைக்கிள் மணி நினைவுக்கு வந்தது. தாத்தாவின் முகத்தைப் பற்றி ஆயா சொன்னதும். ஃபிட்டரின் மகனாகிய நான் நாற்பத்திரண்டு வீடுகளில் சங்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு கெடுவும் தவறவில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஜூன் முதல் தேதி இரவுக் காலை நிறுத்தினேன். மாலை ஆறரைக்கு மேல் மூன்று பேர் மட்டும் போனில் இருப்பார்கள், முறை வைத்து. அவர்களுக்கு மறுநாள் காலை ஓய்வு. லீவு எடுத்தவரின் வி.பி.என். அன்று முடக்கப்படும், அவரே ஆசைப்பட்டாலும் உள்ளே வர முடியாது. இதற்குப் பையன்கள் வைத்த பெயர் 'சங்கு'. நம் ஊரில் சங்கு ஊதுவது என்றால் வேறு அர்த்தமும் உண்டே, அதையும் சேர்த்துத்தான் சிரித்தார்கள்.

எனக்கு மேலே இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. கிளையன்ட் கோபித்துக்கொள்வார் என்றார்கள். முந்தைய மூன்று மாத எக்செல் தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு முழுக்கப் பார்த்தேன். இரவுக் காலில் வந்த விஷயங்களில், காலை வரை பொறுக்க முடியாதவை எத்தனை? நாலு. மூன்று மாதத்தில் நாலே நாலு. அதைக் காட்டினேன். கிளையன்ட் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. அவர் பாவம், நாங்கள் கூப்பிடுகிறோமே என்று தினமும் வந்துகொண்டிருந்திருக்கிறார்!

வீட்டிலிருந்து வேலை என்பதே கெடுதல் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கைக்குழந்தையோடு வேலையை விட்டுவிடத் தயாராக இருந்த இரண்டு பெண்கள் அதனால்தான் நிலைத்தார்கள். பாகூரிலும் திருக்கனூரிலும் இருந்த பிள்ளைகள் சென்னையில் வாடகை கொடுக்காமல் சம்பாதித்தார்கள். என் அம்மாவின் கடைசி ஒன்றரை வருடம் நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். முப்பது வருடம் வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு இரவு போன பிள்ளைக்கு அது பெரிய கொடுப்பினை. இடம் மாறியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்துக்கு எல்லை போட மறந்ததுதான் என் தவறு.

அந்த எல்லையைச் சட்டமாகவே போட்ட நாடு எது தெரியுமா? மறுபடியும் பிரான்ஸ்தான். வேலை நேரத்துக்கு வெளியே மெயிலும் போனும் தொடாமல் இருக்கும் உரிமையைப் பற்றி, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் ஊழியர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும் என்ற விதி 2017 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. போர்ச்சுகல் 2021 நவம்பரில், வேலை நேரம் முடிந்த ஊழியரை முதலாளி தொடர்புகொள்ளக் கூடாது என்றே சட்டம் செய்தது. நம் நாடாளுமன்றத்தில் சுப்ரியா சுலே 2018 கடைசியில் இப்படி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. பக்கத்தில் தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் ஆலைகளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதால் மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அறிவித்தார். ஆலைத் தொழிலாளிக்காகத் தெருவில் இறங்க அன்று சங்கங்கள் இருந்தன. லேப்டாப் தொழிலாளிக்கு அந்தக் கூட்டம் இன்னும் சேரவில்லை. 1936-இல் பிரான்சின் சட்டம் தானாகக் கப்பலேறி வரவில்லை என்று சொன்னேனே, இப்போதும் அப்படித்தான்.

நான் 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றேன். டி.சி.எஸ். கூட 2023 அக்டோபரில் எல்லாரையும் வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டது. அலுவலகங்கள் திறந்தன, பஸ்கள் ஓடுகின்றன. ஆனால் இரவுக் கால் மட்டும் அலுவலகத்துக்குத் திரும்பிப் போகவில்லை, வீட்டிலேயே தங்கிவிட்டது என்று இப்போது வேலையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். பகலில் ஆபீஸ், இரவில் வீட்டிலிருந்து ஆபீஸ்.

போன மாதம் வில்லியனூர்த் தம்பி வீட்டுக்கு வந்தார். இப்போது வேறு கம்பெனி, டீம் லீடர், பதினெட்டுப் பேர் அவருக்குக் கீழே. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டே கேட்டேன்.

"உன் டீமுக்குக் கால் எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்கு சார்."

"காலையிலயா?"

கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல சார்" என்றார்.

அவருக்கு ஏ.எஃப்.டி. தெரியும். புதிய பஸ் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அந்தத் திடலிலிருந்துதான் பஸ் பிடித்திருக்கிறார். 1936 தெரியாது. சவானா மில், பன்னிரண்டு பேர், பாரிஸ் போன சுப்பையா, ஏப்ரல் 6 எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா முகத்தைப் பற்றி ஆயா சொன்னதையும் சொன்னேன். பத்திரிகையில் பெண் பெயரைக் காட்டி, "இந்தப் பொண்ணு உன் முகத்த எப்ப பாக்கும்?" என்று கேட்டேன். சிரித்தார்.

போகும்போது படியில் நின்று, "சார், அந்த எக்செல் மாதிரி நானும் ஒண்ணு எடுத்துப் பாக்குறேன்" என்றார். எடுத்தாரா என்று தெரியாது. கல்யாணத்துக்குப் போகும்போது கேட்க வேண்டும்.